சுவரில் மாறிய எழுத்து

பீகாரில் உள்ள மோதிஹாரியில் 1903-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி, அபினி இலாகா வெள்ளைக்கார அதிகாரி ஒருவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெயர் எரிக் பிளேர். ஜார்ஜ் ஆர்வெல் என்ற புனைபெயரில் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் இவர்தான்.

ஒரு வயதில் தாயாருடன் இங்கிலாந்து சென்றார். 1922-ல் பர்மாவில் போலீஸ் அதிகாரி ஆனார். அடக்குமுறையை, அடக்குகிற இடத்தில் இருந்தே பார்த்தார். மனம் ஒப்பவில்லை. 1927-ல் வேலையை உதறினார்.

கழுத்தில் குண்டு

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிஸ்டுகளை எதிர்த்துப் போரிட்டார். 1937 மே மாதம் கழுத்தில் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் அவர் போரிட்ட படையின் கட்சியை, அதே அணியில் இருந்த கம்யூனிஸ்டுகள் துரோகிகள் என்று முத்திரை குத்தி வேட்டையாடினார்கள். பத்திரிகைகள் நடக்காததை நடந்ததாக எழுதின. மனைவியுடன் எல்லை தாண்டித் தப்பினார்.

1941 முதல் 1943 வரை லண்டன் பி.பி.சி.யில், இந்தியாவுக்கான ஒலிபரப்பில் வேலை பார்த்தார். யுத்தப் பிரசாரமும் தணிக்கையும் நடக்கும் விதத்தை அங்கே தினமும் கண்டார்.

பன்றிகளின் ஆட்சி

இந்த அனுபவங்களில் பிறந்ததுதான் "விலங்குப் பண்ணை". எஜமானனை விரட்டிய மிருகங்கள், ஏழு சட்டங்கள் செய்து கொட்டகைச் சுவரில் எழுதுகின்றன. அதிகாரத்தைப் பிடித்த பன்றிகள் அவற்றை மீறுகின்றன. பிறகு யாருக்கும் தெரியாமல் சுவரில் இரண்டொரு வார்த்தை சேர்த்து விடுகின்றன. சரியாகப் படிக்கத் தெரியாத மிருகங்கள், தங்கள் ஞாபகம்தான் தவறு என்று நம்புகின்றன.

தலைமைப் பன்றி ஸ்டாலின் என்பது வாசகர்களுக்கு எளிதில் விளங்கியது. அப்போது ரஷியா பிரிட்டனின் நேச நாடு. ஆகவே பல பதிப்பாளர்கள் மறுத்தனர். ஒருவர், சர்க்கார் அதிகாரியின் எச்சரிக்கையைக் கேட்டுப் பின்வாங்கினார். கடைசியில் 1945 ஆகஸ்டில் புத்தகம் வெளிவந்தது.

1949-ல் "1984" நாவல் வந்தது. அதன் கதாநாயகன் ஒரு சர்க்கார் ஊழியன். ஆட்சியின் இன்றைய பேச்சுக்கு ஏற்ப, பழைய பத்திரிகைச் செய்திகளைத் திருத்தி எழுதுவதே அவன் உத்தியோகம்.

இறந்த பிறகு

காசநோயால் 1950 ஜனவரி 21-ந் தேதி ஆர்வெல் காலமானார். வயது 46.

1954-ல் "விலங்குப் பண்ணை" கார்ட்டூன் படமாக வந்தது. அமெரிக்காவின் சி.ஐ.ஏ. ரகசியமாகப் பணம் கொடுத்திருந்தது. நூலின் முடிவில் பன்றிக்கும் மனிதனுக்கும் முகத்தில் வித்தியாசம் தெரிவதில்லை. படத்திலோ, மிருகங்கள் மீண்டும் கிளர்ந்தெழுந்து பன்றிகளை வீழ்த்துகின்றன. கடைசிக் காட்சியில் மனிதர்களே இல்லை.

எழுத்தைத் திருத்தும் அதிகாரத்தைப் பற்றி எழுதியவரின் கதையையே இன்னொரு அதிகாரம் திருத்திவிட்டது!