முத்துசாமி வீட்டு மாப்பிள்ளை... ஆர்தர் ஆஷ் கதை தெரியுமா?

ஆகஸ்ட் கடைசி, விடிகாலை நாலரை மணி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் தொடங்க இன்னும் நேரம் இருக்கு. ஆனா, போர்வைக்குள்ள போன் வெளிச்சத்துல யு.எஸ். ஓப்பன் டென்னிஸ் பார்க்கிறவங்க எங்க ஊர்லயும் உண்டு. நானும் ஒருத்தி. நியூயார்க்கில் அப்போ முந்தின நாள் ராத்திரி ஏழு மணி. நீல நிற ஹார்டு கோர்ட், சுத்தி 23,000-க்கும் மேல இருக்கைகள். உலகத்திலேயே பெரிய டென்னிஸ் மைதானம் அதுதான். ஆணும் பெண்ணும் அதே கோர்ட்டில் ஆடி, சமமான பரிசுப் பணம் வாங்கிட்டுப் போற இடம்.

நம்ம நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்திலும் ஹார்டு கோர்ட்தான். 1997 முதல் 2017 வரை சென்னை ஓப்பன் ஆண்கள் போட்டி அங்கே நடந்தது. 2022-ல் பெண்கள் போட்டியும் வந்தது. அங்கே ஆடிவிட்டுப் போனவர்கள் பலரும் நியூயார்க்கின் அந்தப் பெரிய மைதானத்தைக் கனவு கண்டவர்கள்தான். அந்த மைதானத்தின் பெயர் ஆர்தர் ஆஷ். வர்ணனையாளர்கள் நிமிஷத்துக்கு ஒருமுறை உச்சரிக்கிற பெயர். யாரோ பணம் கொடுத்த பெரிய மனுஷன்னுதான் நான் ரொம்ப நாளா நினைச்சிருந்தேன்.

ஒருநாள் அவர் மனைவி பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஜீன் மூட்டூசாமி. பிரெஞ்சுக்காரர்களின் எழுத்துக்கூட்டில் நெளிஞ்சுபோன அந்தப் பெயரை மெதுவா சொல்லிப் பாருங்க... முத்துசாமி! எங்க ஊரில் நாலு தெரு நடந்தா ஒரு முத்துசாமியையாவது பார்த்துடலாம். 1854-லிருந்து புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேறி, கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். ஜீனுடைய தாத்தா அந்தத் தீவிலிருந்து அமெரிக்கா வந்த இந்திய வம்சாவளிக்காரர். அப்பா ஜான் மூட்டூசாமி சிகாகோவில் பேர்பெற்ற கட்டடக் கலைஞர். ஜீன் புகைப்படக் கலைஞர். அப்படிப் பார்த்தா ஆஷ், ஒரு வகையில் நம்ம வீட்டு மாப்பிள்ளை.

மாப்பிள்ளையின் கதை, விர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் தொடங்குது. பிறந்தது 1943 ஜூலை 10. ஆறு வயதில் அம்மா இறந்துட்டாங்க. அப்பா, கறுப்பர்களுக்கென ஒதுக்கப்பட்ட ஒரு பூங்காவின் காவலாளி. வீடே பூங்காவுக்குள்தான், வாசலைத் தாண்டினா டென்னிஸ் கோர்ட். ஒல்லிப்பிச்சானாக இருந்த பையன் அங்கேதான் மட்டையைத் தூக்கினான். ஊரின் நல்ல கோர்ட்டுகளில் வெள்ளையர்கள் மட்டும்தான் ஆட முடியும்.

அவனை வளர்த்தெடுத்தவர் டாக்டர் ராபர்ட் வால்டர் ஜான்சன். விம்பிள்டன் ஜெயித்த முதல் கறுப்பினப் பெண்ணான அல்தியா கிப்சனுக்கும் இவர்தான் வழிகாட்டி. லிஞ்ச்பர்க் ஊரில் தன் வீட்டுக் கோர்ட்டில் கோடை விடுமுறைக்கு கறுப்பினப் பிள்ளைகளைத் தங்கவைத்துப் பயிற்சி கொடுப்பார். அவருடைய விதிகள் விசித்திரமானவை. எதிராளி அடித்த பந்து கோட்டுக்கு ரெண்டு அங்குலம் வெளியே விழுந்தாலும், உள்ளே விழுந்ததா நினைச்சு ஆடணும். நடுவரிடம் வாக்குவாதமே கூடாது. கோபம் முகத்தில் தெரியக் கூடாது. ஏன் இவ்வளவு கெடுபிடி? ஒரு கறுப்பினப் பையன் ஒரே ஒருமுறை கத்தினால் போதும், அதைச் சாக்கா வெச்சு எல்லோரையும் வெளியே அனுப்பிடுவாங்க என்ற பயம். வாயை மூடிக்கொண்டு ஜெயிக்கக் கத்துக்கிட்டான் ஆர்தர். அந்தப் பழக்கம் அவனுக்குக் கேடயமாவும் இருந்தது, பின்னாடி பாரமாவும் ஆச்சு.

கல்லூரிப் படிப்பு கலிஃபோர்னியாவில், டென்னிஸ் உதவித்தொகையோடு. 1963-ல் அமெரிக்க டேவிஸ் கோப்பை அணிக்குத் தேர்வான முதல் கறுப்பினத்தவர். அப்புறம் ராணுவத்தில் லெப்டினென்ட் வேலை.

1968-ல் தொழில்முறை வீரர்களும் ஆடக்கூடிய முதல் யு.எஸ். ஓப்பன் நடந்தது. அப்போ அது புல்தரைப் போட்டி. ஹார்டு கோர்ட்டுக்கு மாறினது 1978-ல்தான். இறுதிப்போட்டியில் நெதர்லாந்தின் டாம் ஓக்கரை ஐந்து செட்டில் வீழ்த்தினார் ஆஷ். சாம்பியனுக்கான 14,000 டாலர் யாருக்குப் போச்சு தெரியுமா? தோத்த ஓக்கருக்கு! ஆஷ் அப்போ அமெச்சூர் என்பதால் பரிசுப் பணத்தைத் தொட முடியாது. அவருக்குக் கிடைச்சது ஒரு நாளைக்கு 20 டாலர் சாப்பாட்டுப் படி. கூட்டிப் பார்த்தா 280 டாலர். அதே போட்டியில் பெண்கள் பட்டம் வென்ற விர்ஜீனியா வேடுக்கு 6,000 டாலர். ஆண்களுக்கான தொகையில் பாதிகூட இல்லை.

இந்த இடத்தில் ஆஷைக் கொஞ்சம் திட்டவும் வேண்டியிருக்கு. பெண்களுக்குச் சமமான பரிசு என்ற பேச்சு எழுந்த ஆரம்ப வருடங்களில், அதை ஏற்காத ஆண் வீரர்களில் இவரும் ஒருவர். ஒதுக்கப்படுற வலி தெரிஞ்ச மனுஷனுக்கே பக்கத்துல நிக்கிறவங்க வலி உடனே புரியலை பாருங்க. பில்லி ஜீன் கிங் விடாமல் போராடி, 1973-ல் யு.எஸ். ஓப்பனில் சமப் பரிசை வாங்கிக் கொடுத்தார்.

அதே 1973-ல்தான் ஆஷ் வாழ்க்கையில் ரொம்ப விவாதிக்கப்பட்ட பயணம் நடந்தது. நிறவெறிச் சட்டம் கோலோச்சிய தென்னாப்பிரிக்கா, அதற்கு முன்பு அவருக்கு விசாவை மறுத்திருந்தது. இப்போ அனுமதி கொடுத்தது. பார்வையாளர் வரிசையில் கறுப்பர், வெள்ளையர் எனப் பிரிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு போனார். ஒற்றையர் இறுதிப்போட்டியில் ஜிம்மி கானர்ஸிடம் தோற்றார். ஆனால், ஓக்கரோடு சேர்ந்து இரட்டையர் பட்டத்தை வென்றார். ஆமா, அந்த 14,000 டாலர் ஓக்கர்தான்.

போனது சரியா? அடுத்த வருடமே நம்ம நாட்டுக்கு முன்னாடியும் அதே கேள்வி வந்து நின்னது. 1974 டேவிஸ் கோப்பை இறுதிப்போட்டியில் இந்தியாவுக்கு எதிரணி தென்னாப்பிரிக்கா. சென்னைப் பையன்கள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அணியில் இருந்தாங்க. கோப்பை கைக்கெட்டும் தூரத்தில். இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. ஆஷ் உள்ளே போய்க் காட்டினார். இந்தியா வெளியே நின்று காட்டியது. எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது. பின்னாளில் ஆஷும் புறக்கணிப்பின் பக்கமே வந்தார். 1985-ல் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகம் முன்பு போராடிக் கைதானார். வாக்குவாதமே கூடாதுன்னு வளர்க்கப்பட்ட பையன், கைவிலங்கோடு!

1975 விம்பிள்டனுக்கு வருவோம். இறுதிப்போட்டியில் எதிரே அதே கானர்ஸ். வயசு 22, நடப்பு சாம்பியன். போதாக்குறைக்கு ஆஷ் மேல அவதூறு வழக்கு வேற போட்டிருந்தார்! ஆஷுக்கு 32 நெருங்கிட்டு இருந்தது. ஜெயிப்பார்னு பந்தயம் கட்ட ஆள் இல்லை. கானர்ஸுக்கு வேகமான பந்துதான் தீனி. ஆஷ் அந்தத் தீனியையே நிறுத்தினார். மெதுவா, தாழ்வா, கோணல் மாணலா பந்தை அனுப்பினார். இடைவேளைகளில் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். 6-1, 6-1, 5-7, 6-4. இன்றுவரை விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற ஒரே கறுப்பின ஆண் அவர்தான்.

1976-ல் ஒரு நிதி திரட்டும் விழாவில் கேமராவோடு வந்த ஜீனைச் சந்திச்சார். 1977 பிப்ரவரியில் கல்யாணம். ரெண்டே வருஷத்தில் மாரடைப்பு, பைபாஸ் அறுவை சிகிச்சை. 1980-ல் ஆட்டத்துக்கு முழுக்கு. 1983-ல் மறுபடியும் அறுவை சிகிச்சை. அப்போ ஏத்தின ரத்தத்தில்தான் ஹெச்.ஐ.வி இருந்திருக்கணும். ரத்தத்தைச் சோதிக்கும் முறையே 1985-ல்தான் வந்தது. (இந்தியாவில் ஹெச்.ஐ.வி முதலில் கண்டறியப்பட்டது நம்ம சென்னையில், 1986-ல், டாக்டர் சுனிதி சாலமன் குழுவால்.) 1988-ல் வலது கை மரத்துப்போய் மருத்துவமனைக்குப் போனபோது ஆஷுக்கு உண்மை தெரிந்தது. தத்தெடுத்த மகள் கேமராவுக்கு அப்போ ரெண்டு வயசுகூட ஆகலை. அந்தக் குழந்தைக்காகத்தான் விஷயத்தை வெளியே சொல்லாமல் வைத்திருந்தார். நெருங்கிய சிலருக்கு மட்டுமே தெரியும்.

1992 ஏப்ரலில் யு.எஸ்.ஏ டுடே நாளிதழுக்குத் தகவல் எட்டியது. செய்தி எப்போ வேண்டுமானாலும் அச்சேறலாம் என்ற நிலை. வேறு வழியில்லாமல் ஆஷே பத்திரிகையாளர்களைக் கூட்டினார். மகளைப் பற்றிப் பேச வந்த இடத்தில் குரல் உடைந்தது. அந்தப் பகுதியை ஜீன்தான் படித்து முடித்தார். பத்திரிகை வேலை பார்க்கிற எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப்போக முடியலை. ஒருத்தர் உடம்பில் இருக்கும் நோய் யாருடைய செய்தி? அவர் அதை எப்போ சொல்லணும்னு முடிவு பண்ண நாம யாரு?

வெளியே தெரிந்த பிறகு அவர் சும்மா இருக்கலை. எய்ட்ஸ் ஒழிப்புக்கு அறக்கட்டளை தொடங்கினார். அந்த யு.எஸ். ஓப்பன் தொடங்கும் முன்பு, முன்னணி வீரர், வீராங்கனைகளை ஆடவைத்து நிதி திரட்டினார். செப்டம்பரில், ஹைட்டி நாட்டு அகதிகளைத் திருப்பி அனுப்புவதை எதிர்த்து வெள்ளை மாளிகை முன்பு நின்று மறுபடி கைதானார். டிசம்பர் 1-ம் தேதி ஐ.நா சபையில் எய்ட்ஸ் பற்றிப் பேசினார். 1993 பிப்ரவரி 6, நிமோனியா. வயது 49.

அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். ஜீன், கணவரும் மகளும் சேர்ந்திருந்த நாள்களைத் தான் எடுத்த படங்களால் ஒரு புத்தகமாக்கினார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத நாள்களும் அதில் இருக்கு. 1997-ல் நியூயார்க் மைதானம் அவர் பெயரோடு திறக்கப்பட்டது.

அதற்கு ஒரு வருடம் முன்பே ரிச்மண்டில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அடிமை முறையைக் காக்கச் சண்டை போட்ட தளபதிகளின் சிலைகள் வரிசையாக நின்ற அதே சாலையில். சின்ன வயசுல அவரை நல்ல கோர்ட்டுக்குள்ள விடாத ஊரில். அங்கே அவரை வைக்கலாமா என்று அப்போ ஊரே ரெண்டுபட்டது. 2020-ல் போராட்டங்கள் வெடிக்க, தளபதிகள் ஒவ்வொருவராக இறக்கப்பட்டார்கள். 2021-ல் கடைசித் தளபதியும் போனார். சாலையில் இப்போ மிச்சம் இருப்பது ஆஷ் மட்டும்தான். சுற்றிலும் குழந்தைகள், ஒரு கையில் டென்னிஸ் மட்டை, இன்னொரு கையில் புத்தகங்கள். புத்தகம் பிடித்த கை, மட்டை பிடித்த கையைவிட உயரத்தில் இருக்கு.