வரலாறு வரைந்த அரசிளங்குமரி

ஐரோப்பாவும் ஆசியாவும் குறுகிய கடல் ஒன்றால் பிரிந்து எதிரெதிரே நிற்கும் இடத்தில் அமைந்த பழம்பெருநகர் கான்ஸ்டாண்டிநோபிள். கி.பி. 330-ஆம் ஆண்டில் கான்ஸ்டன்டைன் என்னும் பேரரசர் இதனைத் தம் தலைநகராக்கினார். பல நூற்றாண்டுகள் கிழக்கு உரோமப் பேரரசின் தலைநகராக விளங்கிய இந்நகரம் இக்காலத்தில் இஸ்தான்புல் என வழங்கப்பெறுகின்றது. இந்நகரில் பிறந்து, முடியை இழந்தும் எழுதுகோலால் அழியாப் புகழ் எய்தியவர் அன்னா கொம்னீனா அம்மையார்.

அவர் 1083-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள் பேரரசர் அலெக்சியசுக்கும் அரசி ஐரீனுக்கும் தலைமகளாகத் தோன்றினார். குழந்தைப் பருவத்திலேயே முன்னாள் அரசர் ஒருவரின் மைந்தருக்கு அவர் மணம் பேசப்பெற்றார். அம்மைந்தரே அடுத்த அரசர் எனக் கருதப்பட்டமையின், அன்னா அரசியாவார் என்று பலரும் எண்ணினர். ஆயின், 1087-இல் தம்பி ஜான் பிறந்தார். 1092-இல் தந்தையார் அவருக்கே முடி சூட்டினார். மணம் பேசப்பெற்ற இளவரசரும் இளமையிலேயே இறந்தார். பின்னர் 1097-இல் நிகிஃபோரஸ் பிரையெனியஸ் என்னும் கற்றறிந்த வீரரை அன்னா மணந்தார்.

அன்னாவுக்குக் கல்வியில் வேட்கை மிகுதி. பழைய கிரேக்கக் காவியங்கள் மகளின் மனத்தைக் கெடுக்கும் எனப் பெற்றோர் அஞ்சினர். அவரோ, அரண்மனைப் பணியாளர் ஒருவரிடம் இலக்கணத்தை மறைவாகப் பயின்றார். நாளடைவில் மெய்ப்பொருள் நூலும் மருத்துவமும் கற்றுத் தெளிந்தார். 1118-இல் தந்தையார் நோயுற்றபோது, மருத்துவர்தம் வாதங்களைக் கேட்டு ஆராயும் திறம் அவருக்கு இருந்தது.

தந்தையார் மறைந்தபின் ஜான் அரசரானார். தம் கணவரை அரியணை ஏற்ற அன்னா சூழ்ச்சி செய்தார் என்றும், குறித்த இரவில் கணவரே தயங்கினமையால் அது கைகூடவில்லை என்றும் பிற்கால வரலாற்றாசிரியர் நிகீட்டாஸ் எழுதியுள்ளார். இக்கால ஆய்வாளருட் சிலர் இதனை முழுதும் ஏற்பதில்லை. நிகீட்டாஸ் கூறுமாறு, அரசர் தமக்கையாரின் உயிரைப் போக்கவில்லை. அவர்தம் செல்வத்தைக் கவர்ந்து ஆக்சுக் என்னும் நண்பருக்கு வழங்க முற்பட்டார். ஆக்சுக் துருக்கியர், சிறுவராய் இருந்தபோது போரிற் சிறைப்பட்டு அரண்மனைக்கு வந்தவர். அவர் அச்செல்வத்தை ஏற்க மறுத்து, உடன்பிறந்தாரிடம் அருள் காட்டுமாறு அரசரை வேண்டினார். நாணிய அரசர் அனைத்தையும் தமக்கையாரிடமே திருப்பியளித்தார்.

பின்னர் அன்னா, தம் தாயார் நிறுவிய கன்னியர் மடத்தை அடைந்தார். அங்கு அவர் சோர்ந்திருந்தாரல்லர்; அறிஞர்களை ஊக்கி, அரிஸ்டாட்டிலின் நூல்களுக்கு உரை எழுதுவித்தார். கணவர் எழுதத் தொடங்கிய வரலாறு, அவர் இறந்தமையால் முற்றுப்பெறாது நின்றது. அப்பணியை மேற்கொண்ட அன்னா, தந்தையாரின் ஆட்சியை 15 பகுதிகளாகக் கிரேக்க மொழியில் வரைந்தார். அந்நூல் அலெக்சியாட் எனப்படும்.

முதலாம் சிலுவைப் போருக்காக மேலைநாட்டுப் படைகள் தலைநகரை வந்தடைந்தபோது அன்னாவுக்கு அகவை பதின்மூன்று. அந்நிகழ்ச்சிகளைக் கிழக்கு நாட்டார் எங்ஙனம் நோக்கினர் என்பதை அறிய அவர்தம் நூல் பெருந்துணை புரிகின்றது. தந்தையார்பால் கொண்ட அன்பு சிற்சில இடங்களில் நடுவுநிலைமையைக் குறைக்கின்றது. காலக்குறிப்புகளிலும் பிழைகள் உள்ளன. எனினும், பகைவரின் வீரத்தையும் தோற்றப் பொலிவையும் அவர் மறைக்காமல் வரைந்துள்ளார்.

அன்னா அம்மையார் ஏறத்தாழ 1153-இல் மறைந்தார். அப்பேரரசும் 1453-இல் வீழ்ந்தது. அவர் விரும்பிய முடியும், அதனைச் சூடியோரின் ஆட்சியும் மறைந்தன. மடத்தில் அமர்ந்து அவர் எழுதிய நூலோ இன்றும் பல மொழிகளிற் பயிலப்படுகின்றது. பெற்றோர் அறியாமல் அவர் தேடிக்கொண்ட கல்வியே இறுதிவரை அவரைவிட்டு நீங்காத செல்வமாயிற்று.