துப்பாக்கி துடைத்த கை!

அமெரிக்காவின் புகழ்பெற்ற வேட்டைக்காரர் டேனியல் பூன். பென்சில்வேனியாவில் 1734-ம் ஆண்டு பிறந்தவர். அவருடைய தகப்பனார் நெசவாளி. கொல்லுப்பட்டறையும் வைத்திருந்தார். அதிகம் பள்ளிக்கூடம் போகாத டேனியல், அந்தப் பட்டறையில் துப்பாக்கி பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார். அந்தத் தொழில்தான் பின்னாளில் ஒரு கோட்டையைக் காப்பாற்றியது!

வெந்நீர்க் குளியல்

அந்தக் காலத்து ரைபிளுக்குத் தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியே வெடிமருந்தைக் கொட்ட வேண்டும். கொழுப்பு தடவிய துணியில் ஈயக்குண்டை வைத்து, கோலால் இடித்து இறக்க வேண்டும். விசையை இழுத்தால், குதிரையில் உள்ள சிக்கிமுக்கிக் கல் எஃகில் மோதும். தீப்பொறி பறக்கும். மருந்து வெடிக்கும்.

வெடித்த பிறகு குழலுக்குள் கசடு படியும். அது ஈரத்தை இழுக்கும். துரு ஏறும். ஆகவே, வேட்டை முடிந்ததும் முதலில் குழலில் மருந்து இல்லை என்று பார்த்துக்கொள்வார்கள். பிறகு வெந்நீர் ஊற்றிக் கழுவுவார்கள். கோலில் துணி சுற்றி, கறுப்பு போகும்வரை துடைப்பார்கள். உலர்ந்ததும் கொழுப்பு பூசுவார்கள். தீ புகும் சிறு துவாரத்தை ஊசியால் குத்தி, அடைப்பு எடுப்பார்கள். சோம்பி இருந்தால், துப்பாக்கி வெறும் இரும்புத் தடிதான்!

சிறைப்பட்டார்

கெண்டக்கி காட்டில் டேனியல் 1775-ல் ஒரு கோட்டை கட்டினார். அந்தக் காடு ஷானி இனத்தாரின் வேட்டை நிலம். அவர்கள் கொதித்தார்கள். 1778 பிப்ரவரியில், உப்புக் காய்ச்சப் போன டேனியலும் தோழர்களும் அவர்களிடம் பிடிபட்டார்கள்.

ஷானி தலைவர் டேனியலைக் கொல்லவில்லை. மகனாகவே ஏற்றுக்கொண்டார். ஊராரின் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பது டேனியலின் வேலையாயிற்று.

ஜூன் மாதம். கோட்டையைத் தாக்க வீரர்கள் திரண்டதை டேனியல் கண்டார். 16-ந் தேதி விடியுமுன் ஓடினார். துப்பாக்கிக் குழலும் குதிரையும் மட்டுமே அவரிடம் இருந்தன, கட்டை இல்லை. வழியில் ஒரு மரத்தைச் செதுக்கிப் பொருத்தி, துப்பாக்கியை முழுமையாக்கினார் என்று அவர் குடும்பத்தார் பிற்காலத்தில் கூறினார்கள். 160 மைல்! நாலு நாள்! ஒரே ஒரு வேளைச் சாப்பாடு!

கோட்டை தப்பியது

அவர் இறந்துவிட்டதாக எண்ணி, மனைவி ரெபெக்கா ஊர் திரும்பிவிட்டிருந்தார். மகள் ஜெமைமா மட்டும் கோட்டையில் இருந்தாள்.

டேனியல் சொன்ன செய்தியால் இடிந்த சுவர்கள் எழும்பின. செப்டம்பரில் முற்றுகை வந்தது. கோட்டை விழவில்லை.

ஆனாலும் அவர்மீது துரோகக் குற்றம் சுமத்தினார்கள். விசாரணையில் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. பதவி உயர்வும் கிடைத்தது.

டேனியல் பூன் 1820-ல், 85-வது வயதில், மிசௌரியில் காலமானார். பகைவர் ஊரில் அவருக்கு மதிப்புத் தந்ததும், காட்டு வழியில் துணை நின்றதும், சிறு வயதில் பட்டறையில் பழகிய அந்தக் கைகள்தான்!