உப்புக் கணக்கு எழுதிய கை

புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணத்தை அடுத்துள்ள கடலோரக் கிராமம் எக்கியார்குப்பம். ஒரு பக்கம் வங்கக் கடல். மறு பக்கம் மரக்காணத்து உப்பளங்கள். வெயில் ஏற ஏறப் பாத்திகளில் உப்பு விளைகிறது. அதை வாரிக் கரையில் அம்பாரமாகக் குவிக்கிறார்கள் தொழிலாளிகள். உப்பளம் என்று ஒன்று இருந்தால் அங்கே கணக்கு எழுதவும் ஒருவர் இருப்பார். ஏடும் கையுமாக உட்கார்ந்திருக்கும் அந்தக் கணக்குப்பிள்ளையை யாரும் அதிகமாகக் கவனிப்பதில்லை.

தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் அப்படி உப்புக் கணக்கு எழுதியவர்தாம் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அவர் கணக்கு எழுதியது தெற்கே தூத்துக்குடியில். ஆனால் அவர் அடங்கியிருப்பதோ எக்கியார்குப்பத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில், புதுச்சேரிக் கருவடிக்குப்பத்தில்! இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே கழிந்த வாழ்க்கை தமிழ் மேடையின் போக்கையே மாற்றிவிட்டது.

வேலையை உதறினார்

சுவாமிகள் 1867-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி தூத்துக்குடியைச் சேர்ந்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். முதலில் தந்தையிடமும், பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் கற்றார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அவருடன் படித்தவர். இளம் வயதிலேயே வெண்பாவும் கலித்துறையும் அவருக்குச் சரளமாக வந்தன.

படித்து முடித்ததும் உப்புப் பண்டகசாலையில் கணக்கர் வேலை கிடைத்தது. அக்காலத்தில் உப்பு வெள்ளைக்காரச் சர்க்காருக்கு வரி தந்த பண்டம். வேலை நிரந்தரம், சம்பளம் நிச்சயம். ஆனால் 1891-ல், தமது 24-வது வயதில், அந்த வேலையை உதறிவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்!

அது எளிய முடிவு அல்ல. கூத்தாடி என்பது அன்று வசைச் சொல். அதே 1891-ல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் அதில் பொழுதுபோக்காக நடித்தார்கள். அவர்களுக்கு மதிப்பு இருந்தது. சங்கரதாஸ் சேர்ந்ததோ வயிற்றுப் பிழைப்புக்காக நடித்த கூட்டத்தில்.

அஞ்ச வைத்த எமன்

ராமுடு ஐயர், கல்யாணராமையர் ஆகியோரின் கம்பெனியில் இரணியன், இராவணன், எமன் முதலிய வேஷங்களை ஏற்றார். சாவித்திரி நாடகத்தில் பாசக் கயிற்றுடன் அவர் மேடைக்கு வந்தால் சபையே நடுங்குமாம். ஒரு நாள் அந்தக் கோலத்தைக் கண்ட கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்துவிட்டது என்று சொல்லப்படுகிறது. தம் கலை ஓர் உயிரைப் பறித்தது என்ற எண்ணம் அவரை வாட்டியது. அது முதல் வேஷம் கட்டுவதில் அவர் மனம் ஒட்டவில்லை.

ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். பிறகு அதிலும் பற்று விட்டுப் போயிற்று. காவி உடுத்தித் தலயாத்திரை புறப்பட்டார். சுவாமிகள் என்ற பெயர் நிலைத்தது அதனால்தான். அவரை மீண்டும் நாடக உலகுக்குக் கொண்டுவந்த பெருமை, கஞ்சிரா மேதை புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையைச் சேரும். அவர் சுவாமிகளைத் தம் மகனாகவே பாவித்தார். அங்கே பெற்ற தாள ஞானம், சுவாமிகளின் சந்தப் பாடல்களில் ஒலிக்கிறது.

ஓர் இரவில் ஒரு நாடகம்

பார்ஸி நாடகக் கம்பெனிகளின் ஆடம்பரக் காட்சிகளும் மெட்டுகளும் ஜனங்களை மயக்கிய காலம் அது. நடிகர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். நாளுக்கு ஒரு வசனம். ஊருக்கு ஒரு கதை! சுவாமிகள் பாட்டு, விருத்தம், வசனம் அனைத்தையும் முறைப்படி எழுதிக் கொடுத்து நாடகத்தை வரம்புக்குள் கொண்டுவந்தார்.

வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் என்று சுமார் 40 நாடகங்கள் அவர் எழுதினார். ஷேக்ஸ்பியரின் சிம்பலினையும் தமிழாக்கினார். நான்கு மணி நேரம் நடக்கக்கூடிய அபிமன்யு சுந்தரியைப் பாடல்களுடன் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பார்கள். விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த மரக்காணத்துச் சீமையாருக்கு அபிமன்யுவும் அரிச்சந்திரனும் புதியவர்கள் அல்லர். ஜனங்களுக்குத் தெரிந்த அந்தக் கதைகளையே எடுத்து, அவற்றுக்குப் புலவர் தமிழைப் பூட்டினார் சுவாமிகள்.

பாலர்களின் வாத்தியார்

பெரிய நடிகர்களின் கட்டுப்பாடின்மையைக் கண்டு சலித்து, சிறுவர்களைக் கொண்டே சபை நடத்தத் துணிந்தார். எஸ்.ஜி. கிட்டப்பா அவரிடம் பயின்றவர். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியது. அதில் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்களில் சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு! வறுமையின் காரணமாகக் கம்பெனிக்கு வந்த பிள்ளைகள் பலர். பள்ளிக்கூடம் தராத தமிழை அவர்களுக்கு மேடை தந்தது. பாடத்தில் சுவாமிகள் வெகு கண்டிப்பு. பிழை கேட்டால் பொறுக்கமாட்டார். ஆனாலும் அவர்களுக்கு அவரே தகப்பன்.

விதியின் கொடுமையைப் பாருங்கள்! 1921-ல் அவரைப் பக்கவாதம் தாக்கியது. எத்தனையோ பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக் கொடுத்தவரின் நா அசையவில்லை. ஓர் இரவில் நாடகம் எழுதிய கை ஓய்ந்தது. ஆயினும் அவருடைய சொற்களைச் சிறுவர்கள் இரவுதோறும் மேடையில் முழங்கிக்கொண்டிருந்தார்கள். 1922 நவம்பர் 13-ந் தேதி புதுச்சேரியில் அவர் மறைந்தார்.

இருப்பு என்ன?

சுவாமிகளுக்கு மனைவி மக்கள் இல்லை, சொத்தும் இல்லை. அவருடைய நாடகங்களில் பல கைக்குக் கிடைக்காமல் போயின. ஆனால் தமிழ்ப் படங்கள் பேசத் தொடங்கியபோது அவை முதலில் நாடியவற்றுள் அவர் நாடகங்களும் உண்டு. 1934-ல் வெளிவந்த பவளக்கொடி, எம்.கே. தியாகராஜ பாகவதரைத் திரைக்குக் கொண்டுவந்தது. தென் மாவட்டத் திருவிழாக்களில் இன்றும் வள்ளி திருமணம் நடக்கிறது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், ஒத்திகையே கிடையாது. மாலையில் சந்தித்து இரவு மேடையேறி விடியும் வரை நடிக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவான பாடம் ஒன்று இருப்பதால்தான் அது முடிகிறது. அந்தப் பாடம் சுவாமிகள் போட்டது.

உப்பு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து உணவுக்குச் சுவை தருகிறது. உப்புக் கணக்கை உதறிவிட்டு வந்த அந்தக் கணக்குப்பிள்ளையும் தமிழ் மேடையில் அப்படித்தான் கரைந்து நிற்கிறார்.