வணிகத்துள் விளைந்த அறம்

பொருள் ஈட்டுவது தன்னலம், அறம் செய்வது பிறர்நலம், இரண்டும் ஒரு நெஞ்சில் குடியிரா என்று எண்ணுவோர் பலர். திருப்பணிக்கு உவந்து பொருள் வழங்கும் அன்பர்கள், வழங்கும்போது மட்டுமன்றி ஈட்டும்போதும் அறம் நிகழக்கூடும் என்பதை ஜாம்ஷெட்ஜி டாட்டா அவர்களின் வரலாற்றால் அறியலாம்.

அப்பெரியார் 1839ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள், குஜராத்து நாட்டு நவசாரியில், பார்சி சமயக் குருமார் மரபில் தோன்றினார். 1868இல் 21,000 ரூபாய் முதலிட்டு வணிகம் தொடங்கினார். ஆதாயமே அவர் நோக்கம். அதனை அவர் மறைத்தாரல்லர். பிறர் பம்பாயிலேயே நூலாலைகளை எழுப்பிக்கொண்டிருக்க, அவர் பருத்தி விளையும் நிலத்தை அடுத்த நாகபுரியைத் தேர்ந்தார். பஞ்சை நெடுந்தொலைவு கொண்டு செல்லும் செலவு குறையும் என்பது அவர் கணக்கு. 1877 ஜனவரி முதல் நாளன்று எம்பிரஸ் ஆலை இயங்கலாயிற்று.

ஆலை எழுந்தது, ஆயினும் தொழிலாளர் நாள்தோறும் ஒழுங்காக வந்தாரில்லர். ஆலைவாழ்வு அவர்களுக்குப் புதிது. தண்டம் விதித்து அடக்குவது எளிய வழி. டாட்டாவோ, தொழிலாளியின் துன்பம் முதலாளியின் நட்டம் என்று கணக்கிட்டார். நாகபுரியின் வறண்ட காற்றில் நூலிழை அறும். உழைப்பவன் உடலும் சோரும். காற்றுக்கு ஈரமூட்டும் கருவிகளை அமைத்தார். இழையும் அறாது நின்றது, உழைப்பவனும் இளைப்பாறினான். தீயணைக்க நீர் தெளிக்கும் கருவிகளையும் பொருத்தினார். அவை ஆலையையும் காத்தன, உயிரையும் காத்தன. 1886இல் ஓய்வுக்கால நிதி ஏற்படுத்தினார். 1895இல், வேலையில் விபத்துற்றோர்க்கு ஈட்டுத்தொகை வழங்கத் தொடங்கினார். முதுமைக்கும் விபத்துக்கும் அஞ்சாத தொழிலாளி ஆலையில் நிலைத்தான். நிலைத்தவன் கை தேர்ந்தது. தேர்ந்த கையால் ஆதாயமும் பெருகிற்று.

இந்நாட்டில் விபத்து ஈட்டுத்தொகைக்குச் சட்டம் பிறந்தது 1923இல். தொழிலாளர் சேமநிதிச் சட்டம் பிறந்தது 1952இல். அரசு பின்னாளில் கட்டளையாக இட்டதை அவ்வணிகர் தம் நலம் கருதியே முன்னதாகச் செய்துவிட்டார்.

எனினும் தன்னலம் ஓர் எல்லை வரையே வழிகாட்டும். வாழ்நாளுக்குள் பலன் தாராத செயலுக்கு அது துணை வாராது. 1898இல், உயர்ந்த அறிவியல் ஆய்வுக்கென ஒரு நிலையம் காணத் தம் செல்வத்தில் ஏறத்தாழச் செம்பாதியை அவர் ஒதுக்கினார். அது பெங்களூரில் நிறுவப்பெற்றது 1909இல். அவர் கனவு கண்ட எஃகாலை நிறுவனம் உருவானது 1907இல். அங்கு எஃகு வார்க்கப்பெற்றது 1912இல். அவரோ 1904 மே 19ஆம் நாளே ஜெர்மனியில் மறைந்தார். நட்ட மரத்தின் நிழலில் அவர் அமரவில்லை.

எம்பிரஸ் ஆலை இன்று இயங்கவில்லை. ஆயினும் அங்கே ஒருவர் தம் வாணிகத்துக்கென வகுத்த முறை, நாட்டின் சட்டமாகி, அவரை அறியாத கோடி உழைப்பாளரைக் காத்து நிற்கின்றது. நம் கடையிலும் களத்திலும் உழைப்பவரின் நலத்தை நம் ஆதாயக் கணக்கிலேயே சேர்த்து எழுதுவோமாக. அவ்வாறு ஈட்டிய பொருளைக் கொண்டு செய்யும் திருப்பணி, ஈட்டிய நாளிலேயே தொடங்கிவிட்ட திருப்பணியாகும்.