62 வயதில் போருக்கு நடுவே காட்டு மருத்துவமனைக்கு வந்த மனைவி... ஆல்பர்ட் சுவைட்சர் - ஹெலீன் தம்பதியின் கதை தெரியுமா?

ஆல்பர்ட் சுவைட்சர். திருக்குறள் பற்றிய மேடைப் பேச்சுகளில் அடிக்கடி காதில் விழும் பெயர் இது. நோபல் பரிசு பெற்றவர், ஆப்பிரிக்கக் காட்டில் மருத்துவமனை நடத்தியவர் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் அந்த மருத்துவமனையை அவர் தனி ஆளாகத் தொடங்கவில்லை. கூடவே ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஹெலீன்.

வேலையில் நல்ல நிலைக்கு வந்த பிறகு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு கிறிஸ்தவ மிஷன் நிலையத்தில் போய்க் குடியேறிய தம்பதி இவர்கள். அந்த முடிவுக்கு அவர்கள் கொடுத்த விலை என்ன? இருவரில் யார் அதிகம் கொடுத்தார்கள்? பார்க்கலாம்.

யார் இந்த சுவைட்சர்?

1875 ஜனவரி 14ஆம் தேதி, அல்சாஸ் பகுதியில் உள்ள கைசர்ஸ்பெர்க் என்ற ஊரில் பிறந்தார். இன்று பிரான்சில் இருக்கும் அல்சாஸ், அன்று ஜெர்மனியின் கையில் இருந்தது. இந்த ஒரு விஷயம் பின்னால் அவர் வாழ்க்கையையே புரட்டிப் போடப் போகிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஒரு பாதிரியார். குன்ஸ்பாக் என்ற சின்ன ஊரில்தான் சுவைட்சர் வளர்ந்தார். ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தத்துவமும் இறையியலும் படித்தார். தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கும்போது அவருக்கு வயது 24. தேவாலயங்களில் இருக்கும் பெரிய ஆர்கன் இசைக்கருவியை வாசிப்பதில் கெட்டிக்காரர். இசைமேதை பாக் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1905இல் வெளியானது. இயேசுவின் வரலாறு குறித்த ஆய்வு நூல் அடுத்த ஆண்டே வந்து ஐரோப்பாவில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது.

30 வயதிலேயே பேராசிரியர், எழுத்தாளர், இசைக்கலைஞர் என மூன்று துறையிலும் பெயர் வாங்கிவிட்டார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

21 வயதில் எடுத்த முடிவு

ஆனால் சுவைட்சர் மனதில் வேறு கணக்கு இருந்தது. 30 வயது வரை படிப்புக்கும் இசைக்கும், அதற்குப் பிறகு நேரடியாக மக்களுக்குச் சேவை என்று 21 வயதிலேயே முடிவு செய்திருந்தார். என்ன சேவை என்பது மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

1904இல் பாரிஸ் மிஷன் சங்கத்தின் பத்திரிகை ஒன்று அவர் கண்ணில் பட்டது. மத்திய ஆப்பிரிக்காவின் காபோனில் வேலை செய்ய ஆட்கள் இல்லை என்று அதில் எழுதியிருந்தார்கள். அப்போது காபோன் பிரான்சின் காலனி. வேண்டியது டாக்டர்தான் என்று சுவைட்சர் முடிவு செய்தார். 1905 அக்டோபரில் பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் கடிதம் போட்டார். டாக்டருக்குப் படிக்கப் போகிறேன், அப்புறம் ஆப்பிரிக்கா போகிறேன் என்பதுதான் செய்தி.

வீட்டிலும் நட்பு வட்டத்திலும் கடும் எதிர்ப்பு. இவ்வளவு திறமையைக் காட்டில் கொண்டுபோய்ப் புதைப்பதா என்று கேட்டார்கள். அவர் அசையவில்லை. பாடம் நடத்திக்கொண்டே, பிரசங்கம் செய்துகொண்டே, மாணவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து மருத்துவம் படித்தார். படிப்பு, தேர்வு, பயிற்சி எல்லாம் முடிய ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஹெலீன் யார்?

ஹெலீன் பிரஸ்லாவ் 1879இல் பெர்லினில் பிறந்தவர். அப்பா புகழ்பெற்ற வரலாற்றுப் பேராசிரியர். யூதக் குடும்பம், ஹெலீன் கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றவர். 1898இல் ஒரு திருமண விழாவில் சுவைட்சரைச் சந்தித்தார்.

இவர் கணவரின் நிழலில் வந்தவர் அல்ல. பெண்கள் அரசு வேலையில் இருப்பதே அபூர்வமான அந்தக் காலத்தில், ஸ்ட்ராஸ்பர்க் நகராட்சியில் ஆதரவற்ற குழந்தைகளைக் கண்காணிக்கும் அதிகாரியாக வேலை பார்த்தவர். கணவர் இல்லாத தாய்மார்களுக்கு இல்லம் அமைக்கப் பாடுபட்டவர். காபோன் திட்டம் தெரிந்ததும், அதற்காகவே நர்ஸ் பயிற்சி எடுத்தார். சுவைட்சரின் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக் கொடுத்ததும் அவர்தான்.

1912 ஜூன் 18ஆம் தேதி திருமணம் நடந்தது. மணமகனுக்கு வயது 37, மணமகளுக்கு 33. அந்தக் காலக் கணக்குப்படி ரொம்பத் தாமதமான கல்யாணம். மிஷனுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இருபதுகளிலேயே கிளம்பிவிடுவார்கள்.

டாக்டர் வேண்டும், பிரசங்கம் வேண்டாம்

இங்குதான் ஒரு சிக்கல். ஆள் இல்லை என்று எழுதிய அதே மிஷன் சங்கம், சுவைட்சரை ஏற்கத் தயங்கியது. காரணம், இயேசுவைப் பற்றிய அவரது ஆய்வுகள். அவரது நம்பிக்கை சரியானது அல்ல என்று கமிட்டியில் சிலர் நினைத்தார்கள். சுவைட்சர் உறுப்பினர்களைத் தனித்தனியாகப் போய்ப் பார்த்தார். டாக்டராக மட்டும் வேலை செய்வேன், பிரசங்கம் செய்ய மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். செலவையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கச்சேரி வருமானம், புத்தக வருமானம், நண்பர்களிடம் கையேந்திப் பெற்ற நன்கொடை என எல்லாம் சேர்த்துப் பணம் திரட்டினார்.

70 மரப்பெட்டிகளில் சாமான்கள் கட்டப்பட்டன. போர் வரலாம் என்று சந்தேகப்பட்டதால், 2,000 மார்க் பணத்தைத் தங்கமாகவே எடுத்துக்கொண்டார். பாரிஸில் இருந்த பாக் இசைச் சங்கம், வெப்பமண்டல ஈரத்தைத் தாங்கும் வகையில் தயாரித்த பியானோ ஒன்றைப் பரிசாகக் கொடுத்தது.

1913 மார்ச் 21, புனித வெள்ளி. தம்பதி குன்ஸ்பாக்கை விட்டுக் கிளம்பினார்கள். கப்பல், நதிப் படகு, கடைசியாகத் துடுப்புப் படகு. ஏப்ரல் 16ஆம் தேதி லாம்பரேனே வந்து சேர்ந்தார்கள்.

கோழிக்கொட்டகையில் மருத்துவமனை!

லாம்பரேனே, பூமத்தியரேகைக்குச் சற்றுத் தெற்கே, ஒகோவே நதிக்கரையில் இருக்கிறது. அங்கிருந்த மிஷன் நிலையத்தை முதலில் தொடங்கியவர்கள் அமெரிக்கர்கள். பிறகுதான் அது பாரிஸ் சங்கத்தின் கைக்கு வந்தது.

தம்பதிக்குக் கொடுக்கப்பட்டது இரும்புத் தூண்கள் மேல் நின்ற சின்ன மரவீடு. முதல் நாள் இரவே சிலந்திகளையும் கரப்பான் பூச்சிகளையும் விரட்ட வேண்டியிருந்தது. கட்டித் தருவதாகச் சொன்ன மருத்துவமனைக் கட்டடம் வரவே இல்லை. கூலியாட்கள் எல்லாம் நல்ல சம்பளம் கிடைத்த மரம் வெட்டும் வேலைக்குப் போய்விட்டார்கள்.

நோயாளிகள் காத்திருப்பார்களா? டாக்டர் வந்த செய்தி பரவியதும் படகு படகாக வந்து இறங்கினார்கள். முதலில் வெட்டவெளியில் வைத்தியம் நடந்தது. மழை வந்தால் ஓட்டம்தான். அப்புறம் ஒரு பழைய கோழிக்கொட்டகையைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து மருத்துவமனை ஆக்கினார்கள். மலேரியா, தொழுநோய், தூக்க நோய், சீதபேதி, ஆறாத புண்கள், குடலிறக்கம் என்று எல்லா நோயும் வந்தன. முதல் ஒன்பது மாதத்தில் சுமார் 2,000 பேருக்குச் சிகிச்சை.

இதில் ஹெலீனின் பங்கு என்ன? அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பது, கருவிகளைச் சுத்தம் செய்வது, கட்டுத் துணிகளைத் துவைப்பது, மோசமான நிலையில் இருந்தவர்களைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர்தான். வீட்டு வேலை தனி. உள்ளூர் மொழிகள் இருவருக்கும் தெரியாது. முன்பு சமையல்காரராக இருந்த ஜோசப் என்ற ஆப்பிரிக்கர்தான் மொழிபெயர்ப்பாளராகவும் உதவியாளராகவும் கைகொடுத்தார்.

சுவாரசியம் என்னவென்றால், பிரசங்கம் செய்ய மாட்டேன் என்ற வாக்கு ரொம்ப நாள் நிற்கவில்லை. அங்கிருந்த மிஷனரிகளே அவரைப் பிரசங்கம் செய்ய அழைத்துவிட்டார்கள்.

டாக்டரே கைதி

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியது. இருந்த இடம் பிரான்சின் காலனி. இவர்களோ ஜெர்மன் குடிமக்கள். உடனே வீட்டுக்காவல். டாக்டர் வீட்டு வாசலில் காவலுக்கு ஆள்! சில மாதங்களில் வைத்தியம் பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது.

1915 செப்டம்பரில், நோயாளி ஒருவரைப் பார்க்க நதியில் போகும்போது, நீர்யானைக் கூட்டத்தைக் கடந்த நேரத்தில், தான் பல நாளாகத் தேடிய கருத்து சுவைட்சருக்குப் பிடிபட்டது. எல்லா உயிரையும் மதிப்பதே அறத்தின் அடிப்படை என்பதுதான் அது. பின்னாளில் உலகம் அவரை அறிந்தது இந்தக் கருத்தின் வழியாகத்தான்.

1917இல் இருவரையும் பிரான்சுக்குக் கொண்டுபோய் முகாமில் அடைத்தார்கள். அங்கே மேஜையை ஆர்கனாகவும், தரையை அதன் மிதியாகவும் வைத்துக்கொண்டு விரல் பயிற்சி செய்தார் சுவைட்சர். ஆனால் இருவர் உடம்பும் கெட்டுப் போயிருந்தது. 1918 ஜூலையில் கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலை. அடுத்த ஜனவரி 14ஆம் தேதி, சுவைட்சர் பிறந்த அதே நாளில், ஒரே மகள் ரேனா பிறந்தார்.

பிரிந்து வாழ்ந்த ஆண்டுகள்

இனிதான் கதையின் கடினமான பகுதி. சுவைட்சர் மறுபடியும் காபோன் போக வேண்டும் என்றார். ஹெலீனுக்கோ காசநோய். கையில் சின்னக் குழந்தை. வெப்பமண்டலத்தில் வாழும் நிலையில் அவர் இல்லை.

1924இல் சுவைட்சர் மட்டும் கிளம்பினார். மனைவி, மகளுக்காக ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் ஒரு வீடு கட்டிக் கொடுத்திருந்தார். போய்ப் பார்த்தால் பழைய மருத்துவமனையைக் காடு விழுங்கியிருந்தது. பிறகு பஞ்சமும் சீதபேதியும் வர, இடம் போதாமல், நதியில் சில கிலோமீட்டர் மேலே புதிய மருத்துவமனை கட்டினார். 1927 ஜனவரியில் நோயாளிகள் அங்கே மாறினார்கள். ஒரு ஆப்பிரிக்கக் கிராமம் போலவே அது இருந்தது. நோயாளியோடு குடும்பமும் வந்து தங்கும், அங்கேயே சமைக்கும்.

கூடவே உழைத்து உருவாக்கிய இடத்தில் ஹெலீனுக்கு இடமில்லாமல் போனது. 1929இல் ஒருமுறை வந்தார். உடம்பு ஒத்துழைக்காமல் திரும்ப வேண்டியதாயிற்று. அப்பா என்பவர் ரேனாவுக்கு எப்போதாவது வந்து போகும் மனிதர். உலகம் போற்றிய தியாகத்தின் இன்னொரு பக்கம் இது. இருந்தும் ஹெலீன் சும்மா இருக்கவில்லை. 1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் மருத்துவமனை பற்றிப் பேசினார்.

குறளும் சுவைட்சரும்

இந்தக் காலத்தில்தான், 1935இல், இந்தியச் சிந்தனை பற்றிய சுவைட்சரின் புத்தகம் வெளியானது. இந்தியத் தத்துவத்தில் உலகைத் துறக்கும் போக்கு ஓங்கியிருப்பதாக அதில் வாதிட்டார். அதே நூலில், உலக வாழ்வை ஏற்று அன்பையும் செயலையும் போதிக்கும் நூலாகத் திருக்குறளைத் தனித்துக் காட்டிப் பாராட்டினார். தமிழ் மேடைகளில் அவர் பெயர் ஒலிப்பதற்குக் காரணம் இதுதான்.

மறுபடியும் லாம்பரேனே

ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், யூதக் குடும்பத்தில் பிறந்த ஹெலீன் ஜெர்மனியை விட்டு வெளியேறி சுவிட்சர்லாந்து போனார். 1939இல் விடுமுறைக்காக ஐரோப்பா வந்த சுவைட்சர், போர் வரப்போவதை உணர்ந்து சில நாட்களிலேயே காபோன் திரும்பினார். 1940இல் பிரான்ஸ் வீழ்ந்தபோது ஹெலீன் அங்கேதான் இருந்தார். உயிருக்கே ஆபத்து.

போர்ச்சுகல் வழியாகக் கப்பல் ஏறி, ஆப்பிரிக்காவில் அங்கோலாவில் இறங்கி, 1941 ஆகஸ்டில் லாம்பரேனே வந்து சேர்ந்தார். வயது 62. எந்த வெயிலும் ஈரமும் ஆகாது என்று டாக்டர்கள் சொன்னார்களோ, அதே இடம்தான் இப்போது அடைக்கலம். சுவைட்சருக்கு வயது 66.

இந்த முறை ஹெலீன் தாக்குப்பிடித்தார். ஐந்து ஆண்டுகள்! ஓய்வே இல்லாமல் உழைத்த நர்ஸ்களுக்கு மாற்றாக ஒவ்வொருவர் வேலையையும் மாறி மாறிப் பார்த்தார். ஐரோப்பாவிலிருந்து உதவி நின்றுபோன அந்த நாட்களில், அமெரிக்காவிலிருந்து மருந்துப் பெட்டிகள் வந்தன. அதற்குப் பின்னால் ஹெலீன் அங்கு செய்த பயணங்களின் பலனும் இருந்தது. 1946இல்தான் ஐரோப்பா திரும்பினார்.

புகழும் விமர்சனமும்

1952ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு சுவைட்சருக்கு அறிவிக்கப்பட்டது. அந்தப் பணம் தொழுநோயாளிகளுக்கான குடியிருப்புக்குப் போனது. 1954இல் ஓஸ்லோவில் அவர் உரையாற்றியபோது ஹெலீனும் உடன் இருந்தார். 1957இல் அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்தச் சொல்லி வானொலி மூலம் உலகுக்கு வேண்டுகோள் விடுத்தார்.

விமர்சனங்களும் உண்டு. மருத்துவமனை காலத்துக்கு ஏற்ப நவீனமாகவில்லை என்றார்கள். ஆப்பிரிக்கர்களைத் தம்பிகளாகப் பார்த்தாரே தவிரச் சமமாகப் பார்க்கவில்லை என்ற குற்றச்சாட்டு இன்னும் கனமானது. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி இதைக் கடுமையாகச் சுட்டிக்காட்டினார். காபோன் 1960இல் விடுதலை பெற்ற பிறகு இந்தக் கேள்வி இன்னும் வலுவானது. சிகிச்சை பெற்று எழுந்து நடந்தவர்களின் எண்ணிக்கையும் உண்மை, இந்தக் குறையும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் படிக்க வேண்டும்.

கடைசியில் ஒரே இடத்தில்

1957 ஜூன் 1ஆம் தேதி சூரிச் நகரில் ஹெலீன் காலமானார். வயது 78. காபோனிலிருந்து அவர் கிளம்பிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அவரது அஸ்தி லாம்பரேனேவுக்குக் கொண்டுவரப்பட்டு அங்கேயே புதைக்கப்பட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1965 செப்டம்பர் 4ஆம் தேதி, 90 வயதில் சுவைட்சரும் மறைந்தார். மனைவிக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

அதன் பிறகு மருத்துவமனை நிர்வாகத்தைக் கையில் எடுத்தவர், அப்பாவை அதிகம் பார்க்காமலேயே வளர்ந்த மகள் ரேனா. ஒகோவே நதிக்கரையில் அந்த மருத்துவமனை இன்றும் இயங்குகிறது.