பொறிக்கு மொழி தந்த அம்மையார்

கணிப்பொறி இட்ட பணியை இமைப்பொழுதில் முடிக்கும். ஆயினும், மக்கள் பேசும் மொழி எதனையும் அஃது இயல்பாக அறியாது. எண்களே அதன் மொழி. நாம் சொற்களால் எழுதும் ஆணைகளை அவ்வெண்மொழியில் பெயர்த்துத் தரும் நிரலுக்குத் தொகுப்பி என்பது பெயர். அத்தகைய தொகுப்பியை ஆக்க முதன்முதல் முயன்றவருள் ஒருவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

இவர் 1906 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9 ஆம் நாள் அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில், கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்று அறிய விரும்பி, வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றிவிட்டார். அன்னையார் அவ்வார்வத்தை அடக்கவில்லை. இனி ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்ளுமாறு மட்டும் பணித்தார். அவ்வார்வமே வளர்ந்து, 1934 ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தின் கணித டாக்டர் பட்டத்தை அவருக்கு ஈட்டித் தந்தது. வாசர் கல்லூரியில் அவர் கணிதம் கற்பித்து வந்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1943 ஆம் ஆண்டில் கடற்படையில் சேர்ந்தார். உடல் எடை போதாது என்று தடை எழுந்தது. தளராது முயன்று சிறப்பு இசைவு பெற்றார். கடற்படை அவரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்த ‘மார்க் 1’ என்னும் கணிப்பொறியில் பணியாற்ற அனுப்பியது. 51 அடி நீளமுடைய அப்பெரும்பொறி வினாடிக்கு மூன்று கூட்டல்களே செய்ய வல்லது.

1949 ஆம் ஆண்டில், ‘யூனிவாக்’ கணிப்பொறியை உருவாக்கிய நிறுவனத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் நிரல் எழுதுவோர், முன்பு எழுதிய ஆணைத் தொகுதிகளைக் குறிப்பேட்டிலிருந்து கையால் படியெடுத்தனர். ஓர் எண் பிறழ்ந்தாலும் கணக்கு முழுதும் கெடும். சோர்வின்றிப் படியெடுக்கும் வேலையைப் பொறியிடமே ஒப்படைத்தால் என்ன என்று அம்மையார் எண்ணினார். ஆணைத் தொகுதி ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் இட்டு, அவற்றை நாடாவில் பதித்தார். வேண்டியவற்றின் அடையாளங்களைக் கொடுத்தால், பொறியே அவற்றைத் தேடி எடுத்துக் கோத்து நிரலாக்கியது. ‘ஏ-0’ என்னும் இத்தொகுப்பி 1952 ஆம் ஆண்டளவில் இயங்கியது. கணிப்பொறி கணக்கிடுமேயன்றி நிரலை ஆக்காது என்று கருதிய பலர், அதனை நம்ப மறுத்தனர்.

அம்மையார் அதனோடு அமையவில்லை. வணிகக் கணக்குகளை எழுதுவோர் ஆங்கிலச் சொற்களாலேயே ஆணையிடல் வேண்டும் என்றார். 1955 ஆம் ஆண்டளவில், ஒரே நிரலை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மும்மொழிச் சொற்களாலும் எழுதி இயக்கிக் காட்டினார். அமெரிக்கப் பொறிக்குப் பிரெஞ்சு எவ்வாறு புரியும் என்று மேலாளர்கள் மருண்டனர். பொறிக்கு எம்மொழிச் சொல்லும் ஒரு குறியே; சொற்பட்டியலை மாற்றினால் போதும் என்னும் எளிய உண்மையை அவர்கள் உணரவில்லை. அம்முயற்சி ‘ஃபுளோமேட்டிக்’ என்னும் மொழியாக மலர்ந்தது. அதன் வழியில் பலர் கூடி ‘கோபோல்’ மொழியை வகுத்தனர். 1960 டிசம்பரில், ஒரே கோபோல் நிரல், சில சிறு மாற்றங்களோடு, இரு வேறு நிறுவனங்களின் பொறிகளில் இயங்கியது.

கடற்படையிலிருந்து 1966 ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவரை, மறு ஆண்டே அப்படை மீண்டும் அழைத்தது. உயர் தளபதியாகி, 1986 ஆம் ஆண்டில் தம் 79 ஆம் வயதில் பணி நிறைவுற்றார். 1992 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் மறைந்தார்.

அவர் விதைத்த எண்ணம் மறையவில்லை. தமிழ்ச் சொற்களால் ஆணையிடும் ‘எழில்’ என்னும் நிரல்மொழியும் தோன்றியுள்ளது. எனவே, கடத்தூர் போன்ற ஊரில் பயிலும் மாணவரும், பொறியின் மொழி நமக்கு எட்டாதது என்று அஞ்ச வேண்டுவதில்லை. பொறிக்கு மொழியை வகுப்பவர் மாந்தரே. கழற்றிப் பார்க்கும் ஆர்வமும் தளராத உழைப்புமே அதற்கு வேண்டுவன.